மண் பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட்டின் எண்ணிக்கையைக் காப்பது எது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வேர்முடிச்சு உண்டாக்கும் மரபணுக்கள் ரைசோபியம் என்ற மண் பாக்டீரியாவின் பிளாஸ்மிட்டில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையத்தில், இருக்கின்றன என்றும், பிளாஸ்மிட் குரோமோசோமைச் சாராமல் தானே பெருகும் என்றும் பாடத்தில் படித்ததாகச் சொல்கிறீர்கள். அப்படித் தானே பெருகுவது ஏன் செல் முழுவதும் நிரம்பிவிடவில்லை, ஓரிரண்டு நகலோடு அதை நிறுத்துவது எது என்று கேட்கிறீர்கள். கடைசியில், வீட்டில் கடலைக்காய் விதையோடு கலந்த ரைசோபியம் பொட்டலம் இரண்டு பட்டமாகப் பலன் தராததற்கு, அந்தப் பிளாஸ்மிட் தொலைந்துபோனதுதான் காரணமாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் சேர்த்திருக்கிறீர்கள். மூன்றாகத் தெரிந்தாலும் இவற்றின் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று நினைக்கிறேன்: ‘தானே பெருகும்’ என்று பாடநூல் சொல்லும்போது அதற்கு உண்மையில் என்ன பொருள்? நானும் உங்கள் பக்கத்து வேலந்தாவளத்துக்காரன்தான். பாக்டீரிய மரபியலை இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி, செடிகளில் கழலை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியத்தோடும் ரைசோபியத்தோடும் கழிந்தது. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அந்தச் சொற்றொடர் பாதி உண்மைதான். பிளாஸ்மிட் தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்துக்கொள்ளும் எந்திரத்தைப் பெரும்பாலும் தன்னோடு வைத்திருப்பதில்லை. இழையைப் பிரிக்கும் நொதி, புதிய இழையை நீட்டும் பாலிமரேஸ், துண்டுகளை ஒட்டும் லைகேஸ் எல்லாம் செல்லினுடையவை. குரோமோசோமைப் பெருக்கும் அதே ஆட்கள்தான் இதற்கும் வேலை செய்கிறார்கள். பிளாஸ்மிட்டின் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: எப்போது தொடங்குவது என்ற முடிவு. 1963இல் ஜாக்கோப், பிரென்னர், கூசான் ஆகிய மூவரும் முன்வைத்த ‘ரெப்ளிகான்’ கருத்து இதைத்தான் சொன்னது. தானாகப் பெருகும் எந்த டி.என்.ஏ.விலும் ஒரு தொடக்கப் புள்ளியும், அந்தப் புள்ளியைப் பற்றிப் பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் ஒரு பொருளும் இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. விவரங்கள் பிளாஸ்மிட்டுக்குப் பிளாஸ்மிட் மாறினாலும் அந்த அடிப்படை இன்றும் நிற்கிறது. தொடங்கியபின் இழை நீளும் வேகத்தை யாரும் அவ்வளவாகக் கட்டுப்படுத்துவதில்லை. கட்டுப்பாடு அத்தனையும் வாசலிலேயே இருக்கிறது. எனவே ‘எண்ணிக்கையை நிறுத்துவது எது’ என்பதைத் ‘தொடக்கத்தைத் தடுப்பது எது’ என்று மாற்றிக் கேட்டால் பதில் நேராக வரும்.

தடுக்க வேண்டிய தேவை என்ன என்பதையும் கவனிக்க வேண்டும். நகல்கள் கட்டில்லாமல் பெருகினால் செல்லின் மூலப்பொருளும் ஆற்றலும் அங்கேயே செலவாகி, அந்தச் செல் பக்கத்துச் செல்லைவிட மெதுவாக வளரும். மண்ணில் அது தோற்றுப்போகும். குறைந்தாலும் ஆபத்துதான். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது நகல்கள் கண்மூடித்தனமாகப் பங்கிடப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிரியும் நேரத்தில் 20 நகல்கள் இருந்தால், சேய்ச் செல்களில் ஒன்று வெறுங்கையோடு போகும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து லட்சத்தில் ஒன்று. 4 நகல்கள் இருந்தால் எட்டில் ஒன்று. 2 மட்டும் இருந்தால் பாதிக்குப் பாதி. இந்த எளிய கணக்கு ஒன்றைக் காட்டுகிறது: நிறைய நகல்கள் வைத்திருக்கும் சிறு பிளாஸ்மிட் அதிர்ஷ்டத்தை நம்பி வாழலாம், ஓரிரண்டு நகலோடு வாழும் பெரிய பிளாஸ்மிட்டால் முடியாது. அது எண்ணவும் வேண்டும், பங்கிடவும் வேண்டும். வேர்முடிச்சுப் பாக்டீரியாவின் பிளாஸ்மிட்டுகள் இந்த இரண்டாவது வகை. அவற்றின் விசேஷமே அதில்தான் இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், உயிரற்ற ஒரு டி.என்.ஏ. வளையம் தன் நகல்களை எப்படி எண்ணும் என்ற புதிர். வகுப்பில் இதற்கு உப்புப் போட்ட கஞ்சியைச் சொல்வேன். ஒரு பானைக் கஞ்சியைச் சுற்றிச் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் விடாமல் ஒரே அளவில் உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கஞ்சி கரித்தால் புதிய ஆளைச் சேர்ப்பதில்லை. சப்பென்று இருந்தால் ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆளை யாரும் எண்ணவில்லை, ருசியைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ருசியே எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறது. செல் வளர வளரப் பானை பெரிதாகிறது, உப்பின் அடர்த்தி குறைகிறது, ஒரு நகல் கூடுகிறது, மறுபடி கரிக்கிறது. பிளாஸ்மிட் ஒவ்வொன்றும் தன் பெருக்கத்தைத் தடுக்கும் ஒரு பொருளைத் தானே இடைவிடாமல் உண்டாக்குகிறது. அந்தப் பொருளின் அடர்த்திதான் கணக்கு. இந்த உவமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது. போட்ட உப்பு அழிவதில்லை. பிளாஸ்மிட்டின் தடைப்பொருளோ சீக்கிரம் அழிந்தாக வேண்டும். நேற்றைய எண்ணிக்கையின் தடயம் இன்றைக்கும் மிஞ்சியிருந்தால் கணக்கு தவறிவிடும். இந்த ஒரு நிபந்தனையால்தான் தடைப்பொருளாகப் பல பிளாஸ்மிட்டுகள், சில நிமிடங்களில் சிதைந்துபோகும் குட்டி ஆர்.என்.ஏ.க்களைப் பயன்படுத்துகின்றன.

இது முதலில் தெளிவானது மண்ணில் அல்ல, குடல் பாக்டீரியாவான ஈ. கோலையின் கோல்ஈ1 என்ற சிறு பிளாஸ்மிட்டில். அங்கே பெருக்கத்தைத் தொடங்கிவைப்பது ஏறத்தாழ 550 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ.; அது டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு புதிய இழைக்கு முனையாக அமைகிறது. அதே டி.என்.ஏ. துண்டின் எதிர் இழையிலிருந்து 108 எழுத்துள்ள இன்னோர் ஆர்.என்.ஏ. பிறக்கிறது. எழுத்துக்கு எழுத்து நேரிணையானதால், அது முதல் ஆர்.என்.ஏ.வைப் பிடித்து அதன் மடிப்பைக் கெடுத்துவிடுகிறது. மடிப்புக் கெட்டால் முனை அமைவதில்லை, பெருக்கம் தொடங்குவதில்லை. இதை எதிரிணை ஆர்.என்.ஏ. என்று சொல்லலாம். இந்தப் பிளாஸ்மிட் தொடங்குவதற்குத் தனக்கென்று எந்தப் புரதத்தையும் நம்பியிருக்கவில்லை என்பதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. குளோராம்ஃபெனிகால் கொடுத்துச் செல்லில் புரத உற்பத்தியை நிறுத்தினால் குரோமோசோம் நின்றுவிடும். கோல்ஈ1 மட்டும் தொடர்ந்து பெருகி ஆயிரக்கணக்கான நகல்களைத் தொட்டுவிடும். நீங்கள் அஞ்சிய ‘செல் முழுவதும் நிரம்புதல்’ அந்தச் செயற்கைச் சூழலில் உண்மையாகவே நடக்கிறது.

மண்ணிலும் நீரிலும் பரவலாகக் காணப்படும் வேறொரு கூட்டம் வேறு வழியைப் பின்பற்றுகிறது. இவற்றின் தொடக்கப் புள்ளிக்கருகே ஏறத்தாழ 20 எழுத்துள்ள ஒரே வரி பலமுறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். தொடக்கிப் புரதம் தனித்தனி மூலக்கூறாக அந்த வரிகளில் அமர்ந்து வாசலைத் திறக்கிறது. நகல்கள் கூடும்போது அதே புரதம் ஒரு பிளாஸ்மிட்டின் வரிகளையும் இன்னொன்றின் வரிகளையும் எதிரெதிரே பிணைத்துவிடுகிறது. இரண்டும் விலங்கிட்ட கைகள்போல் சேர்ந்து நிற்பதால் எதுவும் தொடங்க முடிவதில்லை. செல் வளர்ந்து இடைவெளி கூடும்போது பிணைப்பு விடுபடும். சூடோமோனாஸ் முதல் ரால்ஸ்டோனியாவின் உறவினர்கள் வரை பல இனங்களில் தங்கக்கூடிய ஆர்.கே.2 இந்த வகை. 2,4-டி களைக்கொல்லியைச் சிதைக்கும் மரபணுக்களைச் சுமக்கும் பிஜேபி4 அதற்கு நெருங்கிய உறவு. பேசில்லஸ் போன்றவற்றின் சிறு பிளாஸ்மிட்டுகள் சில, ஓர் இழையை மட்டும் வெட்டிச் சுருள் அவிழ்ப்பதுபோலப் பெருகுகின்றன. அவற்றுள் நன்கு ஆராயப்பட்ட ஒரு குடும்பத்தில், வெட்டும் புரதம் ஒருமுறை வேலை செய்ததும் செயலிழந்துவிடுகிறது. ஒவ்வொரு பெருக்கத்துக்கும் ஒரு புதிய புரதம் தேவை என்பதே அங்கே கட்டுப்பாடு. உங்கள் கேள்விக்கு இவை பக்கத்து வீடுகள். ஆகவே இதோடு விடுகிறேன்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். ரைசோபியக் குடும்பத்துப் பிளாஸ்மிட்டுகளின் பருமனை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 2001இல் முழு மரபுத்தொகுதியும் வெளியான சைனோரைசோபியம் மெலிலோட்டி 1021இல் குரோமோசோம் 36.5 லட்சம் எழுத்து. அதோடு கூடவே 13.5 லட்சமும் 16.8 லட்சமும் நீளமுள்ள பிஸிம்ஏ, பிஸிம்பி என்ற இரண்டு பெரும் பிளாஸ்மிட்டுகள். பீன்ஸ் செடியில் முடிச்சிடும் ரைசோபியம் எட்லி சி.எஃப்.என்.42இல் ஆறு பிளாஸ்மிட்டுகள். முடிச்சு மரபணுக்கள் அவற்றில் ஒன்றான, சுமார் 3.7 லட்சம் எழுத்துள்ள பி42டியில் இருக்கின்றன. இவ்வளவு பெரியவற்றை இருபது நகல் வைத்துக்கொள்ள எந்தச் செல்லாலும் இயலாது. குரோமோசோமுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்ற கணக்கில்தான் இவை வாழ்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றின் பெருக்கத்தை ஆள்வது ஒரே வகையான மரபணுத் தொகுப்பு: ரெப்ஏ, ரெப்பி, ரெப்சி என்ற மூன்றும் வரிசையாக, ஒரே தொடக்கத்திலிருந்து படியெடுக்கப்படுகின்றன. 1980களின் இறுதியில் அக்ரோபாக்டீரியத்தின் வேர்மயிர் நோய்ப் பிளாஸ்மிட்டிலும் கழலை நோய்ப் பிளாஸ்மிட்டிலும் இது முதலில் அடையாளம் காணப்பட்டது. ஆல்ஃபா புரோட்டியோபாக்டீரியா என்ற பெருங்குடும்பத்துக்கே உரியது என்று பின்னர் தெரிந்தது.

மூன்றில் ரெப்சிதான் தொடக்கிப் புரதம். இதில் ஒரு வியப்பு உண்டு: அது பற்றிக்கொள்ள வேண்டிய தொடக்கப் புள்ளி, ஆராயப்பட்ட பிளாஸ்மிட்டுகளில் ரெப்சி மரபணுவின் உள்ளேயே இருக்கிறது. தான் எழுதப்பட்ட வரியின் மேலேயே வந்து அமர்ந்து அது பெருக்கத்தைத் தொடங்கிவைக்கிறது. ரெப்ஏ, ரெப்பி இரண்டும் பங்கீட்டுப் புரதங்கள். பிளாஸ்மிட்டில் குறிப்பிட்ட அடையாள வரிகளை ரெப்பி பற்றிக்கொள்ள, ஆற்றலைச் செலவிட்டு இரு நகல்களையும் செல்லின் இரு பக்கத்துக்கும் பிரித்தனுப்பும் வேலையில் ரெப்ஏ சேர்கிறது. இதே ரெப்ஏ இன்னொரு வேலையும் செய்கிறது. மூன்று மரபணுக்களின் படியெடுப்பு தொடங்கும் இடத்தில் அமர்ந்து, ரெப்பியின் துணையோடு, தன் உற்பத்தியையே அடக்கிக்கொள்கிறது. நகல் கூடினால் ரெப்ஏவும் ரெப்பியும் கூடும். அவை கூடினால் ரெப்சி குறையும். ரெப்சி குறைந்தால் பெருக்கம் நிற்கும். பங்கிடும் கையும் தடுக்கும் கையும் ஒன்றே என்பதுதான் இந்த அமைப்பின் அழகு என்று எனக்கு எப்போதும் தோன்றும். மற்ற பிளாஸ்மிட்டுகளில் எண்ணுவதும் பங்கிடுவதும் தனித்தனி இலாகா; இங்கே ஒரே ஆள் இரண்டையும் பார்க்கிறார்.

அதோடு முடியவில்லை. ரெப்பிக்கும் ரெப்சிக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில், எதிர் இழையிலிருந்து, ஐம்பது அறுபது எழுத்துள்ள ஒரு குட்டி ஆர்.என்.ஏ. பிறக்கிறது. கோல்ஈ1இல் பார்த்த அதே தந்திரம்தான்: ரெப்சிக்கான ஆர்.என்.ஏ.வைப் பிடித்து அதன் மடிப்பை மாற்றி, படியெடுப்பைப் பாதியில் நிறுத்துகிறது, அல்லது புரதமாகாமல் தடுக்கிறது. ஆக ரெப்சி இரட்டைப் பூட்டுக்குள் இருக்கிறது. ஒரு பூட்டு படியெடுப்பின் தொடக்கத்தில், மற்றொன்று படியெடுத்தபின். இந்தக் குட்டி ஆர்.என்.ஏ.வைச் செயலிழக்கச் செய்தால் நகல் எண்ணிக்கை ஏறுகிறது. அதையே வேறொரு பிளாஸ்மிட்டில் வைத்து அதிகமாக உண்டாக்கினால் மூலப் பிளாஸ்மிட் செல்லில் நிலைக்க முடியாமல் போகிறது. ஒரே பூட்டும் ஒரே சாவியும் கொண்ட இரண்டு பிளாஸ்மிட்டுகள் ஒரு செல்லில் சேர்ந்து வாழ முடியாது என்பதற்கும் இதுவே ஒரு காரணம். ஒன்றின் உப்பு மற்றதன் கஞ்சியைக் கரிக்கவைக்கிறது. எட்லியில் ஆறும் ஒன்றாக வாழ்வது, ஒவ்வொன்றின் புரதங்களும் குட்டி ஆர்.என்.ஏ.வும் மற்றதற்குப் பொருந்தாத அளவுக்கு வேறுபட்டிருப்பதால்தான்.

இதுவரை சொன்னவை பலமுறை சோதிக்கப்பட்டவை, தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம். இனிச் சொல்லப்போவதில் தயக்கத்துக்கு இடமுண்டு. இந்தப் பெரும் பிளாஸ்மிட்டுகள், மெலிலோட்டியில் பார்த்தவரை, ஒரு செல் சுழற்சிக்கு ஒரேயொரு முறை பெருகுகின்றன; குரோமோசோம் தொடங்கிய பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நேர ஒழுங்கில் தொடங்குகின்றன. மேலே சொன்ன அடர்த்திக் கணக்கு சராசரி எண்ணிக்கையை விளக்குமே தவிர, ‘ஒரே முறை, இந்த நேரத்தில்’ என்ற ஒழுங்கை முழுமையாக விளக்காது. செல் சுழற்சியின் கடிகாரம் ரெப்ஏபிசியோடு எந்த இணைப்பால் பேசுகிறது என்பது இன்னும் திறந்த கேள்வி. பாடநூல்கள் இந்த இடத்தில் ஓர் அம்புக்குறியைப் போட்டுத் தாண்டிவிடுகின்றன. அந்த அம்புக்குறியை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டாம் என்று மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. ஒரு பிளாஸ்மிட்டில் கண்டது அடுத்ததற்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதும் தவறு. பங்கீட்டு அடையாள வரிகள் இருக்கும் இடமே இனத்துக்கு இனம் மாறுகிறது.

எண்ணிக்கை நிலையானது என்ற எண்ணம் உடைந்த கதையைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். என் வேலைக் காலத்தில் என்னை மிகவும் நெகிழவைத்த கண்டுபிடிப்பு அது. ரோஜாவின் அடித்தண்டில் முண்டு முண்டாகக் கழலை வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா என்று ஸ்மித்தும் டவுன்செண்டும் 1907இல் காட்டினர். காரணம் அதற்குள் இருக்கும் ஒரு பெரிய பிளாஸ்மிட் என்று பெல்ஜியத்தின் கெண்ட் குழுவினர் 1974இல் கண்டனர். டி.ஐ. பிளாஸ்மிட் என்று பெயர், ஏறத்தாழ இரண்டு லட்சம் எழுத்து, ரெப்ஏபிசியால் ஆளப்படுவது, சாதாரண நாளில் குரோமோசோமுக்கு ஒன்று என்ற அளவில் அடங்கியிருப்பது. செடியில் காயம் பட்டால் அசிட்டோசிரிங்கோன் போன்ற பொருள்கள் கசிகின்றன. பாக்டீரியாவின் உறையில் உள்ள விர்ஏ என்ற புரதம் அதை உணர்ந்து, உள்ளே விர்ஜி என்ற புரதத்தை முடுக்கிவிடுகிறது. விர்ஜி நோய் மரபணுக்களை இயக்கும் என்பது நெடுநாளாகத் தெரியும். அதே விர்ஜி ரெப்ஏபிசியின் படியெடுப்பையும் கூட்டிப் பிளாஸ்மிட்டின் எண்ணிக்கையைச் சில மடங்கு உயர்த்துகிறது என்பது 2005இல் வெளிவந்தது. செடி அழைத்தால் பூட்டு தளர்கிறது; டி.என்.ஏ.வைச் செடிக்குள் அனுப்பும் வேலைக்கு நகல்கள் கூடுகின்றன.

இரண்டாவது அழைப்பு கழலை வளர்ந்த பிறகு வருகிறது. கழலைச் செல்கள் ஓபைன் என்ற உணவை உண்டாக்குகின்றன. அதை உண்ணத் தெரிந்தது டி.ஐ. பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியா. குறிப்பிட்ட ஓபைன் கிடைத்தால் பிளாஸ்மிட்டில் ட்ராஆர் என்ற சீராக்கிப் புரதம் உண்டாகிறது. பாக்டீரியாக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு வெளியிடும் ஒரு ஹோமோசெரின் லாக்டோன் சேர்மம், கூட்டம் அடர்த்தியாகும்போது தேங்கி ட்ராஆரோடு சேர்கிறது. சேர்ந்தால்தான் ட்ராஆர் வேலை செய்யும். கூட்டம் போதாத நேரத்தில் அவசரப்படாதிருக்க, ட்ராஆரைப் பிடித்து அடக்க ட்ராஎம் என்ற இன்னொரு புரதமும் உண்டு. முழுமையடைந்த ட்ராஆர் பிளாஸ்மிட்டை ஒரு செல்லிலிருந்து மற்றொரு செல்லுக்குக் கடத்தும் மரபணுக்களை இயக்குகிறது. கூடவே ரெப்ஏபிசியையும் முடுக்கி நகல்களைப் பெருக்குகிறது. 2000இலும் 2003இலும் இரண்டு ஆய்வுக்குழுக்கள் இருவேறு டி.ஐ. பிளாஸ்மிட்டுகளில் இதைக் காட்டின. உணவு இருக்கிறதா, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் எண்ணிக்கை ஏறுகிறது. நகல் எண்ணிக்கை என்பது ஒரு நிலையான எண் அல்ல, சூழலுக்குக் கொடுக்கும் பதில் என்று நான் கற்பிக்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். ஆனால் இதை ரைசோபியத்துக்கு அப்படியே நீட்டக் கூடாது. ரைசோபியத்திலும் கூட்ட உணர்வு பிளாஸ்மிட்டின் கடத்தலை ஆள்வது சில இனங்களில் நிறுவப்பட்டிருக்கிறது. அதன் நகல் எண்ணிக்கையும் செடியின் சொல்லுக்கு இதே அளவில் ஆடுகிறது என்று பொதுவிதியாகச் சொல்வதற்கு ஆதாரம் போதாது.

பிளாஸ்மிட் தொலைவது பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. அது உண்மையாகவே நடக்கிறது. அக்ரோபாக்டீரியத்தின் சி58 என்ற ரகத்தை 37 டிகிரியில் வைத்து வளர்த்தால் கழலை உண்டாக்கும் திறனை இழந்துவிடும் என்பது 1971இலேயே வெளியானது, டி.ஐ. பிளாஸ்மிட் தொலைவதே அதன் காரணம். இந்த இனத்துக்குப் பிடித்த வெப்பம் 28 டிகிரியை ஒட்டியது. நான் வேலை செய்த ஓர் ஆய்வகத்தில், ஒரு மே மாதம் வார இறுதியில் மின்சாரம் போய்க் குளிர்ச்சி நின்றதால், மூன்று ஆண்டுகளாகப் பேணிய ரகம் ஒன்று இப்படிப் பயனற்றுப்போனது. தட்டில் பார்த்தால் வளர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. செடியில் போட்டபோதுதான் தெரிந்தது. அதன் பிறகு எந்த ரகத்தையும் கிளிசராலில் உறையவைக்காமல் நான் விட்டதில்லை. ரைசோபியத்திலும் முடிச்சுப் பிளாஸ்மிட் முழுவதுமாகத் தொலைவதுண்டு. தொலையாமலே, ஒரே வரி இரண்டிடத்தில் இருப்பதால் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடுவதும் உண்டு. எட்லியின் பி42டியில் இது நன்கு அறியப்பட்டது. ஆனால் எல்லாப் பிளாஸ்மிட்டும் தொலையக்கூடியதல்ல. மெலிலோட்டியின் பிஸிம்ஏ இல்லாமல் பாக்டீரியா ஆய்வகத்தில் வாழ்கிறது. பிஸிம்பி அப்படியல்ல, வாழ்வுக்கு இன்றியமையாத இரண்டு மரபணுக்கள் அதில் இருந்தன. அவற்றைக் குரோமோசோமுக்கு மாற்றிய பிறகே அதை அகற்ற முடிந்தது.

இப்போது உங்கள் கடலைக்காய்க்கு வருகிறேன். இங்கே உங்கள் ஊகத்தின் அடித்தளத்தையே நான் மறுக்க வேண்டியிருக்கிறது. நிலக்கடலையில் முடிச்சிடுவது பெரும்பாலும் மெதுவாக வளரும் பிராடிரைசோபியம். தட்டைப்பயறு, உளுந்து, துவரையிலும் பொதுவாக அந்தக் கூட்டம்தான். பொட்டலத்தின் மேல் ‘ரைசோபியம்’ என்று அச்சிடுவது பொதுவழக்கு. இந்தக் கூட்டத்தில் முடிச்சு மரபணுக்கள் பொதுவாகப் பிளாஸ்மிட்டில் இல்லை; குரோமோசோமிலேயே ஒரு பெரும் பகுதியாகப் பதிந்திருக்கின்றன. சோயாவில் வாழும் யு.எஸ்.டி.ஏ.110 என்ற ரகத்தின் 91 லட்சம் எழுத்தும் 2002இல் படிக்கப்பட்டன. அதில் ஒரு பிளாஸ்மிட்கூட இல்லை. பிளாஸ்மிட் உள்ள பிராடிரைசோபியங்களும் உண்டு என்பதால் ‘எதிலும் இல்லை’ என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் உங்கள் பாடத்தில் படித்த முடிச்சுப் பிளாஸ்மிட், பட்டாணி, பீன்ஸ், குதிரைமசால் ஆகியவற்றின் பாக்டீரியாக்களுக்குப் பொருந்தும் அளவுக்குக் கடலைக்குப் பொருந்தாது. பெருகவும் பங்கிடவும் தனி ஏற்பாடு தேவைப்படாத இடத்தில் மரபணு இருக்கும்போது, அது தொலையும் வாய்ப்பும் மிகக் குறைவு.

பிறகு ஏன் பலன் இல்லை? உங்கள் பொட்டலத்தை நான் பார்க்கவில்லை. தொலைவிலிருந்து இது என்று சொல்வது சரியாகாது. எனினும், அனுபவத்தில் நான் முதலில் சந்தேகிப்பது மரபணுவை அல்ல, உயிரை. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூள் வடிவப் பொட்டலத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் நம் பாலக்காட்டுப் பக்கம் ஓட்டுக் கொட்டகைக்குள்ளோ கடையின் தகரத்தடியிலோ கிடந்த பொட்டலத்தில் அந்த எண்ணிக்கை நிற்காது. பூஞ்சாணக்கொல்லி பூசிய விதையில் உடனே கலந்தாலும் சாகும். இன்னொன்று: சித்தூர் தாலுகாவின் கரிசலில் தலைமுறைகளாகக் கடலையும் பயறும் விதைத்த நிலங்களில், முடிச்சிடக்கூடிய பாக்டீரியா ஏற்கெனவே ஏராளமாக இருக்கும். அவை உள்ளூர்க்காரர்கள், நேற்று வந்த பொட்டலத்து ரகம் வேரில் இடம்பிடிக்க அவற்றோடு போட்டியிட வேண்டும். அப்படிப்பட்ட நிலத்தில் பொட்டலம் போட்டதும் போடாததும் ஒன்றுபோலத் தெரிவது வியப்பல்ல, அது பொட்டலத்தின் குற்றமும் அல்ல.

அடுத்த பட்டத்தில் ஒன்று செய்து பாருங்கள். புதிய தேதியிட்ட பொட்டலத்தை வாங்கி நிழலில் வைத்திருந்து, ஆறிய வடிகஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் அரைமணி உலர்த்தி விதையுங்கள். நாலைந்து வரிசைக்கு மட்டும் பூசாத விதையை இடுங்கள். பூசாத வரிசையை முதலில் விதைத்துவிடுவது நல்லது. கையில் ஒட்டியது அதில் கலந்துவிடக் கூடாது. நாற்பதாம் நாள் வாக்கில், மண் ஈரமாக இருக்கும்போது, இரண்டிலிருந்தும் பத்துப் பத்துச் செடிகளை மண்வெட்டியால் கட்டியோடு எடுத்து, நீரில் ஊறவைத்து மண்ணைக் கரைத்து முடிச்சுகளை எண்ணுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு செடியிலும் சில முடிச்சுகளை நகத்தால் கீறிப் பாருங்கள்; உள்ளே சிவப்பாக இருந்தால் தழைச்சத்தைச் சேர்க்கும் வேலை நடக்கிறது, வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. இரண்டிலும் நிறைய, இரண்டிலும் சிவப்பு என்றால் உங்கள் மண்ணுக்குப் பொட்டலம் தேவையில்லை. இரண்டிலும் அரிதாக இருந்தால் பொட்டலத்தில் உயிர் இல்லை, அல்லது மண்ணில் வேறு தடை இருக்கிறது. அப்போது ஒரு பொட்டலத்தை ஏதேனும் வேளாண் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் கொடுத்து உயிருள்ள செல்களை எண்ணித் தரச் சொல்லுங்கள். முடிச்சுகள் நிறைய இருந்தும் உள்ளே வெள்ளையாக இருந்தால் மட்டும் மரபணுவின் பக்கம் திரும்பலாம். அந்த முடிச்சிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, செல்லை ஜெல்லின் குழியிலேயே மென்மையாக உடைத்து ஓட்டும் எக்ஹார்ட் முறையில் பெரிய பிளாஸ்மிட் இருக்கிறதா என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம். அந்த நிலை வந்தால் எண்ணிக்கைகளோடு எழுதுங்கள். ஜெல்லில் எந்தப் பட்டை எதைக் குறிக்கும் என்று சேர்ந்து பார்ப்போம்.